22 எழுத்துகளின் அதிகாரம்

சி. எலிகன்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு. அதன் லின்-4 என்ற மரபணு பழுதானால், உடல் பெரிதாகிறது; செல்களோ வளர்ச்சியின் முதல் பருவத்து வேலையையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. முட்டையிடும் உறுப்பு உருவாவதில்லை. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிக்கின்றன. லின்-14 என்ற இன்னொரு மரபணு பழுதானாலோ எல்லாம் நேர்மாறு: புழு முதல் பருவத்து வேலைகளைத் தாண்டிக் குதித்து, அடுத்த பருவத்துக்கு உரியவற்றை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது.

லின்-4தான் லின்-14ஐ அடக்குகிறது என்று உயிரியலாளர் விக்டர் ஆம்ப்ரோஸ் கண்டிருந்தார். எப்படி அடக்குகிறது? மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. பிறக்கும், அதைப் படித்துச் செல் புரதம் செய்யும் என்பதே அன்றைய பாடம். எனவே, அடக்குவதும் ஒரு புரதமாகத்தான் இருக்கும் என்று தேடினார்கள். அவருடைய ஆய்வகத்தில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபெயின்பாமும் அந்த மரபணு இருக்கும் இடத்தைக் குறுக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் கையில் கிடைத்தது, எந்தப் புரதத்துக்கும் குறிப்பு தராத, 22 எழுத்தே நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டு. பிழை என்று ஒதுக்கிவிடாமல் அதை நம்பிய இந்த இருவரின் பெயர்களையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே வேளையில் இன்னொரு ஆய்வகத்தில் கேரி ருவ்குன், லின்-14இன் தூது ஆர்.என்.ஏ.வை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரு தரப்பும் எழுத்து வரிசைகளை ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. லின்-14 தூதின் வால் பகுதியில் ஏழு இடங்களில் அந்தச் சிறு துண்டால் இணைசேர முடிந்தது! அது வந்து ஒட்டிக்கொண்டால், செய்தி இருந்தும் புரதம் உருவாவதில்லை. இரு ஆய்வகங்களும் 1993இல் இதை வெளியிட்டன.

உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புழுவுக்கு மட்டுமே உரிய விசித்திரம் என்று விட்டுவிட்டார்கள். 2000இல் ருவ்குன் குழு லெட்-7 என்ற இரண்டாவது துண்டைக் கண்டது. அது ஈ, கோழி, மீன், மனிதர் எல்லோரிடமும் இருந்தது. இத்தகைய சிறு துண்டுகளுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர்; மனிதரில் மட்டும் இன்று நூற்றுக்கணக்கானவை தெரியும்.

செல்லில் இவை முதலில் கொண்டை ஊசிபோல் மடிந்த நீண்ட இழையாகப் பிறக்கின்றன. டைசர் என்ற புரதம் அதைக் கத்தரிக்கிறது. ஆர்கோநாட் என்ற புரதம் சிறு துண்டை ஏந்திச்சென்று தூதுகளைத் தேடுகிறது. முன்பகுதியின் ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே பெரும்பாலும் போதும். அதனால்தான் ஒரே துண்டால் நூற்றுக்கணக்கான தூதுகளைக் கட்டுப்படுத்த முடிகிறது. பெரும்பாலும் அது புரத உற்பத்தியை முழுதாக நிறுத்துவதில்லை, அளவைக் குறைக்கிறது. ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கட்டுப்பாடு பிசகினால் நோயும் வரலாம்: டைசர் மரபணுவில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கு நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் தைராய்டிலும் கட்டிகள் வரும் வாய்ப்பு அதிகம். அக்குடும்பங்களில் மரபணுப் பரிசோதனை செய்து, குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து, கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க இன்று முடிகிறது.