வெட்டத் தெரிந்தால் வாழும் புல்

அஸ்ஸாம் வீடுகளின் கொல்லையில் மூங்கில் ஒரு சேமிப்புக் கணக்கு. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாவிட்டால் முதலுக்கே மோசம்.

பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கின் கிராமங்களில் வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துக்கு 'பாரி' என்று பெயர். பாக்கு மரம், அதைப் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடி, வாழை, எலுமிச்சை. எல்லாவற்றுக்கும் பின்னால், வேலியோரமாக மூங்கில் புதர்கள். கனத்த 'பலுகா' வீட்டுத் தூணுக்கு. மெல்லிய 'ஜாதி' கூடைக்கும் தட்டிக்கும் மீன் பொறிக்கும். இளம் முளையைச் சீவிப் புளிக்கவைத்தால் 'கொரிசா', சமையலுக்கு. கையில் காசு இல்லாத மாதத்தில் பத்துக் கழிகள் வியாபாரிக்கு.

உரமில்லை, பூச்சிமருந்து இல்லை, அன்றாடம் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. அதனாலேயே மூங்கில் தானாக வளரும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. உண்மையில் அதற்கு ஒரு பராமரிப்பு உண்டு. அது கத்தியில் இருக்கிறது.

மூங்கில் மரமல்ல, புல். மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்து வரும் முளை, வரும்போதே முழுப் பருமனுடன் வருகிறது. சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது. அதன் பிறகு பருப்பதோ உயர்வதோ இல்லை. முற்றி உறுதியாக மட்டும் மூன்று ஆண்டுகள் ஆகும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். பூமிக்கடியில் உள்ள கிழங்கு வெளிப்பக்கமாகவே பரவுவதால் புது முளைகள் புதரின் ஓரத்தில் வருகின்றன. இளசுகள் வெளியே, முதிர்ந்தவை நடுவே. அவசரத்துக்குக் கழி தேடுபவரின் கைக்கு எட்டுவது வெளியே நிற்கும் இளசுதான். அதன் கிழங்கிலிருந்துதான் அடுத்த ஆண்டு முளை வர வேண்டும். அதை வெட்டிவிட்டு நடுவில் கிழடுகளை நெருக்கியடித்து நிற்க விட்டால் சில ஆண்டுகளில் முளைகள் குறைகின்றன, மெலிகின்றன. புதர் உள்ளுக்குள்ளேயே காய்ந்துபோகிறது.

அனுபவசாலிகளின் வழி வேறு. புது முளை அதிகம் வராத பக்கத்தில் வாசல் போலத் திறந்து, நடுவிலுள்ள முதிர்ந்த கழிகளை எடுக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் புதர் குதிரை லாடம் போலத் தெரியும். ஓராண்டு, ஈராண்டுக் கழிகளைத் தொடுவதில்லை. வயதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. இளங்கழியில் கணுவோரம் உறை ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே வெண்பொடி படிந்திருக்கும். முதிர்ந்ததில் பளபளப்புப் போய்ப் பாசித் திட்டுகள் தெரியும். இன்னும் சுலபமான வழி, முளைத்த ஆண்டைக் கழியிலேயே பெயின்டால் எழுதிவைப்பது.

வெட்டு தரையை ஒட்டிய முதல் அல்லது இரண்டாம் கணுவுக்குச் சற்று மேலே விழ வேண்டும். கணுவிடை குழாயாக நின்றால் மழைநீர் தேங்கி அழுகும். முளை வரும் மழைக்காலத்தில் கத்தியை எடுக்கக் கூடாது. குளிர்காலமே நல்லது. கழியின் மாவுச்சத்துதான் துளைவண்டுகளுக்குத் தீனி. அதனால் வெட்டிய கழிகளைச் சில வாரம் குளத்தில் ஊறப்போட்டு அதைக் குறைப்பது பழைய வழக்கம்.

புதிதாக வைப்பவர்களுக்கும் சில விஷயங்கள். வீட்டுத் தோட்டத்துக்குப் புதராகவே நிற்கும் இனம்தான் ஏற்றது. கிழங்கு நீண்டு ஓடும் இனம் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும். சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, இரண்டடிக் குழியில், புதருக்குப் புதர் 5 மீட்டர் இடைவெளி விடலாம். ஓராண்டுக் கழியைக் கிழங்கோடு பெயர்த்து, நான்கைந்து அடி உயரம் விட்டு நறுக்கி, மழைக்கு முன் நடுவது வழக்கம். முதல் சில ஆண்டுகள் ஆடுமாடு அண்டாமல் வேலி அவசியம். ஆண்டுதோறும் மழைக்கு முன் அடியில் புதுமண் அணைத்து, உதிர்ந்த இலையையே மூடாக்காக விட்டால் போதும். நான்கைந்து ஆண்டுகளில் முதல் அறுவடை.

கிழங்கு தரும் பக்கத்து வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. தாய்ப் புதருக்கு வயது என்ன? ஜாதி போன்ற இனங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, மூங்கிலரிசி உதிர்த்து, மொத்தமாகக் காய்ந்துவிடுகின்றன. கிழங்கில் பிறந்த கன்று தாயின் வயதையே சுமக்கிறது. தாய் பூக்கும் சமயத்தில் நேற்று நட்ட கன்றும் பூக்கும். மிசோரம் காடுகளில் ஓடிப் பரவும் ஓரின மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 1958-59இல் பூத்தபோது விதையைத் தின்று பெருகிய எலிகள் வயல்களையும் காலி செய்தன. அந்தப் பஞ்சத்தில் உதவிக்கென உருவான அமைப்புதான் 1961இல் மிசோ தேசிய முன்னணியாகி, 1966இல் ஆயுதம் ஏந்தியது. அடுத்த பூப்பு 2006-07இல் வந்தது.

கொல்லை மூங்கிலுக்குச் சட்டமும் நெடுநாள் குறுக்கே நின்றது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை 'மரம்' பட்டியலில் சேர்த்திருந்தது. சில மாநிலங்கள் பல இனங்களுக்கு விலக்கு அளித்திருந்தாலும், மாநில எல்லை தாண்டும் லாரிக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2017 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் அந்த ஒரு சொல் நீக்கப்பட்டது. காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கில், 90 ஆண்டுகளுக்குப் பிறகு, சட்டத்தின் கண்ணிலும் மரமாக இல்லாமல் போயிற்று.

அதற்குள் வாங்குபவர்களில் பெரியவர்கள் போய்விட்டிருந்தார்கள். அஸ்ஸாமில் மூங்கிலைக் கூழாக்கிய இரு அரசு காகித ஆலைகளில் பஞ்ச்கிராம் ஆலை 2015இலும் ஜாகிரோடு ஆலை 2017இலும் உற்பத்தியை நிறுத்தின. 2025 செப்டம்பரில் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. அதன் முழுத் திறனுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டன் பச்சை மூங்கில் வேண்டும்.

பாரிக்காரர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் வாங்க ஆள் வந்துவிட்டால் புதரை மொத்தமாக மொட்டையடிக்கும் ஆசையும் கூடவே வரும். ஆலை எடையைப் பார்த்து வாங்கும். கழியின் வயதைப் பார்க்க வேண்டியவர் கொல்லையில் கத்தியோடு நிற்பவர்தான்.