வானதி என்ன நிறம்?

“அக்கா, வானதி மாதிரி மேக்கப் போட்டுவிடுங்க.”

கல்யாணப் பெண் செல்போனை நீட்டினாள். ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் வானதியாக வந்த சோபிதா துலிபாலாவின் படம். பக்கத்தில் நின்ற அம்மா, “ரெண்டு கோட்டு சேத்தே போடு தாயி, செவப்பாத் தெரியணும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்கியின் வானதி கொடும்பாளூர் இளவரசி, எங்கள் ஊர்க்காரி. என் முன்னால் உட்கார்ந்திருப்பவளோ கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவள். இவள் தன் ஊர்ப் பெண்ணைப் போலத் தெரியவா இரண்டு கோட்டு?

என் அப்பா ‘வள்ளி திருமணம்’ நாடகங்களுக்கு மேக்கப் போட்டவர். வெயிலில் தினைப்புனம் காத்த வள்ளிக்கு முகமெல்லாம் ரோஸ் பவுடர் அப்புவார். ஏன் என்று கேட்டால், “விளக்கு வெளிச்சத்துல முகம் தெரியணும்ல” என்பார். அதில் பாதிதான் உண்மை.

வெளிச்சமும் கேமராவும் யாருக்காகச் செய்யப்பட்டவை என்பது மீதிப் பாதி. ஃபிலிம் காலத்தில், அதைக் கழுவும் இடங்களுக்கு நிறம் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவள் முகம் சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுப்பினத்தவர் முகங்களோ கண்ணும் பல்லுமாக மட்டும் பதிந்தன. சாக்லேட்டும் மரச்சாமானும் படத்தில் எடுபடவில்லை என்று கம்பெனிகள் முறையிட்டதும் ஃபிலிமை மாற்ற ஒரு காரணம் என்பார்கள். மனிதர்கள் சொன்னபோது கேட்காத காது அது!

2017-ல் கறுப்பினப் பாடகி ரிஹானா தன் ‘ஃபென்டி பியூட்டி’ கம்பெனியில் 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்தார். மற்ற கம்பெனிகளும் நிறங்களைக் கூட்ட வேண்டியதாயிற்று. 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்தபோது, 1975 முதல் இங்கே விற்றுவந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்தது. பெயர்தான் மாறியது, என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது மாறவில்லை.

மாறாததற்கு நம் சினிமாவும் ஒரு காரணம். 2007-ல் வந்த ‘சிவாஜி’யில் கன்னங்கரேலென்று இரண்டு பெண்களைக் காட்டிச் சிரிக்க வைத்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. சங்ககால வள்ளல் பாரியின் மகளிர் பெயர்கள். பாரியின் மகளிரை மணக்கச் சொல்லிப் புலவர் கபிலர் இருங்கோவேள் என்ற குறுநில மன்னனிடம் கேட்டார்; அவன் மறுத்தான். எங்கள் ஊரை ஆண்ட இருக்குவேளிரை அவன் வழியோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அவன் நிறம் பார்த்து மறுத்ததாகக் கபிலர் பாடவில்லை. சங்கப் பாட்டில் ‘மாமை’ என்றால் பெண்ணின் கருமை கலந்த அழகு. அதைக் கேலியாக்கியது நம் காலம்.

கேலி செய்யாத படத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஜெய் பீம்’ (2021) படத்துக்காக இருளர் மக்களோடு பழகி, செங்கேணியாகவே நின்றார் லிஜோமோல் ஜோஸ். நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் முகத்தைக் கறுக்க வைக்க மேக்கப் தேவைப்பட்டது. கறுத்த பெண்ணின் கதை வரும்போதுகூட, கறுத்த பெண்ணுக்கு வேலை வருவதில்லையே! சென்னையில் நரேஷ் நில்லும் பரத்வாஜ் சுந்தரும் ‘டார்க் இஸ் டிவைன்’ என்ற படத்தொகுப்பில் லட்சுமியாகவும் முருகனாகவும் கறுத்த நிறத்தவர்களையே நிறுத்திப் படமெடுத்தார்கள். எனக்குத் தெரிந்து கறுத்தவர்களுக்குத் துணை நிற்பது என்றால் அதுதான். “கறுப்பும் அழகுதான்” என்று மேடையில் பேசுவது சுலபம். சம்பளச் சீட்டில் அவர்கள் பெயர் ஏற வேண்டும்.

என் கையில் இருப்பது பிரஷ் மட்டும்தான். அந்தப் பெண்ணின் தாடையோரம் மூன்று நிறங்களில் மூன்று கோடு இழுத்தேன். இரண்டு துருத்திக்கொண்டு தெரிந்தன. மூன்றாவது, தேய்த்ததும் காணாமல் போனது. “இதான்மா உன் நிறம்” என்றேன். போட்டோகிராபர் தம்பியிடம், “ஆல்பத்துலயும் வெளுக்க வச்சிராதப்பா” என்று சொல்லிவைத்தேன்.

அம்மா கண்ணாடியில் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

“என் கல்யாண போட்டோவுல நான் யாரோ மாதிரி இருப்பேன் தாயி” என்றார்.