தேம்ஸ் கரையில் ஒரு பகல் உணவு

பிள்ளைகள் இலண்டனில் வேலை பார்ப்பதும், பெற்றோர் ஆறு மாத விசாவில் போய்ப் பேரக் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வருவதும் நம் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் சாதாரணமாகிவிட்டது. போகிறவர்கள் கம்பளிச் சட்டை, சாம்பார்ப் பொடி, மருந்துச் சீட்டு என்று எல்லாவற்றையும் நினைவாக எடுத்து வைத்துக் கொள்கிறார்கள். ஒன்றுக்கு மட்டும் யாரும் தயாராகப் போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனோ மாப்பிள்ளையோ, "இன்று மதியம் ஆற்றங்கரைப் பப்பில் சாப்பிடலாமா?" என்று கேட்பார். அப்போது நம் முகம் போகிற போக்கு இருக்கிறதே!

என் முகமும் அப்படித்தான் போயிற்று. என் சித்தப்பா ஒருவர் குடியினாலேயே நிலத்தைத் தொலைத்துவிட்டு, கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்தார். நான் வேலைக்காகத் தில்லிக்கு இரயிலேறிய அன்று, "மதுக்கடை வாசலை மிதிக்க மாட்டேன்" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக் கொண்டார். நாற்பது ஆண்டுகளாக அதைக் காப்பாற்றி வந்தவன் நான். "நீங்கள் போய் வாருங்கள் மாப்பிள்ளை, நாங்கள் ரசம் வைத்துக் கொள்கிறோம்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. "குடிக்கக் கூப்பிடவில்லை மாமா, சாப்பிடத்தான். பாப்பாவும் வருகிறாள்" என்று மட்டும் சொன்னார்.

நாலு வயதுக் குழந்தையை உள்ளே விடும் இடம் எப்படிச் சாராயக்கடையாக இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் கீழே எழுதியிருப்பவற்றையெல்லாம் தெரிந்து கொண்டேன்.

பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். பொது வீடு என்று பொருள். ஊர்க்காரர் கூடும் இடம், வழிப்போக்கர் தங்கும் இடம், பீர் விற்கும் இடம் எல்லாம் ஒன்றாக இருந்த காலத்துப் பெயர். நம் ஊர்ச் சத்திரம், சாவடி, தேநீர்க்கடை மூன்றையும் கலந்து, அதோடு பீப்பாயையும் வைத்தால் ஏறக்குறைய அதுதான். ஆனால் அங்கே சாப்பாடு நெடுங்காலம் பெயரளவில்தான் இருந்தது. பல பப்புகளில் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலுக்கு மேல் எதிர்பார்க்க முடியாதாம்.

அது மாறிய கதை சுவையானது. பிரிட்டனில் பெரும்பாலான பப்புகள் பீர் வடிக்கும் பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தன. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த நிறுவனங்கள், அந்த எண்ணிக்கைக்கு மேற்பட்டவற்றில் பாதியைத் தம் பிடியிலிருந்து விட வேண்டும் என்று 1989இல் அரசு ஆணை போட்டது. இதனால் ஏராளமான பப்புகள் கை மாறின. சொந்தமாக உணவகம் திறக்க வசதியில்லாத சமையற்காரர்களுக்கு இது வாய்ப்பாயிற்று. 1991இல் மைக்கேல் பெல்பன், டேவிட் அயர் என்ற இருவர் இலண்டன் ஃபாரிங்டன் சாலையில் 'தி ஈகிள்' என்ற பழைய பப்பை எடுத்து நடத்தினார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள், கண்ணெதிரே அடுப்பு, கரும்பலகையில் அன்றைய சமையல். மேசை விரிப்பும் கிடையாது, மிடுக்கும் கிடையாது; சாப்பாடு மட்டும் முதல்தரம். இந்த மாதிரிப் பப்புக்குக் 'கேஸ்ட்ரோபப்' என்ற பெயர் ஒட்டிக் கொண்டது. காஸ்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு வயிறு என்று பொருள். வயிற்றுக்கான பப்!

2007 ஜூலை முதல் தேதியிலிருந்து இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. புகை போனதும் பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் தயக்கமில்லாமல் உள்ளே வரத் தொடங்கினார்கள். பீரை மட்டும் நம்பிய கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டிருக்கின்றன. பழைய வீடுகள் பலவற்றை இன்று தாங்கி நிற்பது அடுப்படிதான்.

இதையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்த என் மனைவி, "உங்கள் அப்பா குடிக்காதே என்பதற்காகத்தானே வாசலை அடைத்தார்?" என்றாள். பிறகு என்ன, கிளம்பினோம்.

நாங்கள் போனது கிரீனிச்சில் உள்ள 'டிராஃபால்கர் டேவர்ன்'. வெஸ்ட்மின்ஸ்டர் துறையில் படகேறினால் இலண்டனைப் பார்த்துக் கொண்டே போய் இறங்கலாம். கிரீனிச் நமக்கு அந்நிய ஊரன்று. 1906 முதல் நம் கடிகாரங்கள் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னதாக ஓடுகின்றன. அதற்கு முன் இந்திய இரயில்கள் சென்னை வானாய்வுக்கூடத்தின் நேரப்படி ஓடின என்பது கூடுதல் செய்தி. இதை மாப்பிள்ளைக்கு நான் சொன்னேன், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

டிராஃபால்கர் டேவர்ன் 1837இல் கட்டப்பட்டது. வில்போல் வளைந்த சன்னல்கள் நேராக ஆற்றைப் பார்க்கின்றன. தேம்ஸ் அங்கே கடலுக்குக் கட்டுப்பட்ட ஆறு. நாள்தோறும் இருமுறை ஏறி, இருமுறை இறங்குகிறது. இலண்டன் பாலத்தருகே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏழு மீட்டர் வரை வேறுபாடு உண்டு. ஏற்றத்தின்போது தண்ணீர் பப்பின் சுவரைத் தொட்டு மோதும். இறங்கிய பிறகு அதே இடத்தில் கூழாங்கல்லும் சேறும் தெரியும்.

19ஆம் நூற்றாண்டில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் அமைச்சர்கள் படகில் இங்கே வந்து 'வைட்பெயிட்' விருந்து சாப்பிடுவது வழக்கம். லிபரல் கட்சியார் டிராஃபால்கருக்கும், டோரிக் கட்சியார் பக்கத்திலிருந்த 'ஷிப்' விடுதிக்கும் போவார்கள். ஷிப் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் அழிந்தது. அந்த இடத்தில்தான் இன்று 'கட்டி சார்க்' என்ற பழைய பாய்மரக் கப்பல் நிற்கிறது. நாவலாசிரியர் டிக்கன்ஸும் டிராஃபால்கருக்கு வந்து போனவர்.

அப்படி என்ன பெரிய மீன் என்று கேட்டால், சிரிப்பீர்கள். ஹெர்ரிங், ஸ்ப்ராட் மீன்களின் விரல் நீளக் குஞ்சுகள்! மாவில் புரட்டி, எண்ணெயில் பொரித்து, தலையோடும் வாலோடும் அப்படியே தின்பது. எலுமிச்சைத் துண்டும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் உடன் வரும். மிளகாய்த் தூள் தூவியதும் உண்டு. தூத்துக்குடிக்காரனான எனக்கு அது நெத்திலி வறுவலின் ஒன்றுவிட்ட தம்பி போலத்தான் பட்டது. எங்கள் ஆச்சியின் கைப்பக்குவத்துக்கு இரண்டு படி கீழே என்றாலும், சன்னலுக்கு வெளியே படகு போகும்போது குறை சொல்லத் தோன்றவில்லை.

அந்த விருந்து ஏன் நின்றது என்பதைத் தில்லிக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இலண்டனின் சாக்கடை முழுவதும் தேம்ஸில்தான் விழுந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. அதன் பிறகுதான் ஜோசப் பாசல்கெட் என்ற பொறியாளர் நகரத்துக்குப் பெரும் பாதாளச் சாக்கடை அமைத்தார். அந்தச் சாக்கடையும் நகருக்குக் கீழே ஆற்றிலேயே கலந்தது. சுற்றுவட்டாரத்தில் மீன் குறைந்தது, அமைச்சர் விருந்தும் அந்த நூற்றாண்டின் இறுதியில் மறைந்தது. 1957இல் ஆய்வாளர்கள் இலண்டன் பகுதித் தேம்ஸை உயிரற்ற ஆறு என்றே அறிவித்தார்கள். டிராஃபால்கரும் 1915இல் மூடப்பட்டு, வயதான வணிகக் கப்பல் மாலுமிகளின் இல்லமாகவும் பிறகு தொழிலாளர் மன்றமாகவும் இருந்துவிட்டு, 1965இல்தான் மீண்டும் திறந்தது. கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களைத் திருத்தி அமைத்த பின் ஆறும் மெல்ல எழுந்தது. 1833க்குப் பிறகு முதன்முறையாக 1974இல் தேம்ஸில் ஒரு சால்மன் மீன் பிடிபட்டது. மழைநாளில் பொங்கும் சாக்கடையைத் தடுக்க 25 கி.மீ. நீளச் சுரங்கம் 2025இல் முழுமையாகச் செயலுக்கு வந்தது. யமுனையின் மேல் பாலத்தில் போகும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிடும் எனக்கு, ஆற்றின் பக்கம் சன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிட்டதுதான் அன்றைய பெரிய அதிசயம்.

இனி, சைவர்களுக்குச் சில வார்த்தை. என் மனைவி சுத்த சைவம். பட்டியலில் பச்சை நிறத்தில் அல்லது சிறிய 'வி' எழுத்தில் குறி இருக்கும். அதை மட்டும் நம்பி உட்காராமல் கேட்டுவிடுங்கள். இன்னொரு நாள், வேறொரு பப்பில், கொட்டைப் பருப்பு ரோஸ்ட் சைவம் என்று வாங்கினோம். மேலே ஊற்றியிருந்த குழம்பு இறைச்சிச் சாறு என்று தெரிவதற்குள் இரண்டு வாய் போய்விட்டது. அவள் அன்று மாலை வரை பேசவில்லை. உருளைக்கிழங்கு சிப்ஸைச் சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். யார்க்ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு. வூஸ்டர் சாஸில் நெத்திலி இனத்து மீன் உண்டு. பர்மேசான் சீஸில் கன்றின் இரைப்பைச் சத்து சேரும். பிளாக் புட்டிங் என்பது இரத்தத்தில் செய்தது, இனிப்பென்று எண்ணிக் கை வைத்துவிடாதீர்கள். 'மல்லிகாட்டானி' சூப் என்று கண்டதும் நம் மிளகுத்தண்ணி என்று மகிழ வேண்டாம். பெயர் நம்முடையதுதான்; உள்ளே இருப்பது பெரும்பாலும் கோழியோ ஆடோ. ஆப்பிள் கிரம்பிள் பெரும்பாலும் ஆபத்தில்லாதது, கஸ்டர்டு வேண்டாம் என்று சொன்னால்.

கேட்கக் கூச்சப்படவும் தேவையில்லை. ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிக் கேட்டால் விவரம் சொல்ல வேண்டும் என்று 2014 முதல் சட்டமே இருக்கிறது. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். மது வாங்கியே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. பெரியவர் துணையோடு குழந்தைகள் வரலாம். மாலையில் ஒரு நேரத்துக்கு மேல் அனுமதிக்காத இடங்கள் உண்டு. ஞாயிறு மதியத்துக்கு முன்கூட்டியே மேசை சொல்லி வைத்துவிடுங்கள். சில இடங்களில் நாமே பார் மேசைக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும்; ஆள் வருவார் என்று அரை மணி உட்கார்ந்திருந்தவர்கள் பலர். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்த்திருந்தால் மேலே டிப்ஸ் வைக்க வேண்டாம்.

அன்று நான் பாருக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தேன். எலுமிச்சைச் சோடாதான் குடித்தேன். பக்கத்து மேசையில் வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் தேநீரை வைத்துக் கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக் கொண்டிருந்தார். பாப்பா சன்னலில் நின்று, கீழே எத்தனை படிக்கட்டு தண்ணீருக்குள் போயிற்று என்று எண்ணினாள். நாங்கள் வந்தபோது ஏழு தெரிந்ததாம். எழுந்தபோது இரண்டுதான் மிச்சம்.