நெஞ்சில் ஒரு புள்ளி: பயமா, பொறுமையா?

இதயத்துக்காக ஸ்கேன் எடுப்போம். நுரையீரலில் ஒரு புள்ளி தெரியும். விழுந்து அடிபட்டதற்காக எடுத்தாலும் அதே கதைதான். தேடாமலே கண்ணில் படும் இந்த 'நுரையீரல் முடிச்சு' பல குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எங்கள் வீட்டிலும் நடந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மாமாவுக்கு நெஞ்சு படபடப்பு. ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார். இதயம் நன்றாக இருந்தது. ஆனால், வலது நுரையீரலில் 7 மில்லிமீட்டர் முடிச்சு என்று அறிக்கையின் கடைசி வரி சொன்னது. மூன்று வாரம் யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. அத்தை அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

"சிகரெட்டையே தொட்டதில்லையேடா, எனக்கு ஏன்டா இது?" என்றார் மாமா.

நெஞ்சு நோய் நிபுணரிடம் அழைத்துப் போனேன். 3 சென்டிமீட்டர் வரையுள்ள உருண்டையான புள்ளியைத்தான் முடிச்சு என்கிறார்கள். சிறிய முடிச்சுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பாக இருக்கலாம். நம் நாட்டில் காசநோய் இன்னும் இருப்பதால், இது சாதாரணம்.

"அப்படியானால் உடனே வெட்டிப் பார்த்துவிடலாமே?" என்று கேட்டேன். அவ்வளவு சிறிய புள்ளியில் ஊசி போடுவது கடினம். நுரையீரலில் காற்றுக் கசியும் ஆபத்தும் உண்டு. அதனால் வளர்கிறதா என்று பார்ப்பதே வழி.

ஃப்ளெய்ஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் உலகெங்கும் பயன்படுகிறது. அதன்படி, கெட்டியான ஒற்றை முடிச்சு 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்து, ஆபத்துக் காரணங்களும் குறைவு என்றால், மறு ஸ்கேன் பொதுவாகத் தேவையில்லை. 6 முதல் 8 வரை என்றால் 6 முதல் 12 மாதத்தில் மறு ஸ்கேன். 8-க்கு மேல் போனால் 3 மாதத்தில் ஸ்கேன், பெட் ஸ்கேன் அல்லது திசுப் பரிசோதனை பற்றி யோசிப்பார்கள். 35 வயதுக்குக் குறைந்தவர்கள், ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

8 மில்லிமீட்டர் முடிச்சு 10 ஆனால், "இரண்டுதானே கூடியிருக்கிறது" என்று தோன்றும். ஆனால் அதன் கன அளவு ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது! எனவே பழைய ஸ்கேன் சிடியைத் தூக்கி எறியாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

ஆறு மாதம் கழித்து மாமாவுக்கு மறு ஸ்கேன். அதே 7 மில்லிமீட்டர். இன்னும் ஓராண்டில் மறுபடியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பயந்து ஒளித்து வைப்பதும், "ஒன்றுமில்லை" என்று மறந்துவிடுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். மலேசியாவில் நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலோருக்கு முற்றிய கட்டத்தில்தான் தெரியவருகிறது. தற்செயலாகக் கண்ட புள்ளி, முன்கூட்டியே கிடைத்த வாய்ப்பாகவும் இருக்கலாம். அறிக்கையைக் கடைசி வரி வரை படியுங்கள். மறு ஸ்கேன் தேதியைக் குடும்பத்தில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.