பெயர் சென்னைக்கு, டிரான்ஸ்மிட்டர் ஆவடிக்கு

சென்னை வானொலி நிலையம் எங்கே என்று கேட்டால் காமராஜர் சாலையைக் கை காட்டுவார்கள். ஆனால், அங்கே பேசும் குரலை ஊர் ஊராக அனுப்பும் உயர்சக்தி டிரான்ஸ்மிட்டர்கள் திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில் இருக்கின்றன. புகழெல்லாம் கடற்கரைக்குப் போய்விட்டது.

இந்தக் கதையைத் தொடங்கிவைத்தது அரசு அல்ல, சில ஆர்வலர்கள். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே 16 அன்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவானது. ஜூலை 31-ல் ஒலிபரப்பும் ஆரம்பம். முதல் டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். ஒரு குண்டு பல்புக்குப் போதுமான மின்சாரம்! பிறகு அது 200 வாட் ஆனது. பணம்தான் வளரவில்லை. 1927 அக்டோபரில் கடையை மூடிய கிளப், டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டது. அதே ஆண்டு பம்பாயில் வந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியும் மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை.

குப்பை அள்ளும், தெருவிளக்கு ஏற்றும் மாநகராட்சிக்கு வானொலி எதற்கு என்று யாராவது கேட்டிருக்கலாம். ஆனாலும் 1930 ஏப்ரல் 1 முதல் அது நடத்திக் காட்டியது. மாலை 4 மணிக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும். ஐந்தரை முதல் ஏழரை வரை சங்கீதம். ஞாயிறு காலையில் கிராமபோன் தட்டு. ரேடியோ பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்காக மெரினாவிலும் ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். காற்று வாங்க வந்தவர் காசில்லாமல் கச்சேரி கேட்டார். என்னைக் கேட்டால், நம்மூர் ஒலிபரப்பு வரலாற்றில் மிகவும் ஜனநாயகமான எட்டு ஆண்டுகள் அவைதான்.

1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல் சாலையில் அகில இந்திய வானொலி நிலையம் பிறந்தது, மாநகராட்சி விலகிக்கொண்டது. 1977 ஜூலை 23 அன்று நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பும் சென்னையில்தான்.

ஆவடிக்கு வருவோம். அங்கிருந்து ஒலிபரப்பாகும் சென்னை முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். கிளப்பின் முதல் டிரான்ஸ்மிட்டரைப் போல ஐயாயிரம் மடங்கு. இது மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு. இதற்கு நெடிய இரும்புக் கம்பமே ஆன்டெனா. அதைச் சுற்றி மண்ணுக்குள் செம்புக் கம்பிகளை நாலாபுறமும் பரப்ப வேண்டும். பட்டணத்துக்குள் அதற்கு ஏது இடம்?

எஃப்.எம். ஏறத்தாழ பார்வை எட்டும் தூரம்தான் போகும். மத்திய அலை தரையையும் கடலையும் ஒட்டியே தவழ்ந்து நெடுந்தூரம் செல்லும். உப்புநீர் அதற்கு இன்னும் தோது. அதனால் அது கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள்ளும் நுழையும், பழவேற்காட்டிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகிலும் கேட்கும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னை, திருவள்ளூர்ப் பக்கம் மின்சாரமும் போனது, செல்போனும் ஊமையானது. அப்படிப்பட்ட நாளில் இரண்டு பேட்டரி போட்ட சின்ன ரேடியோவுக்கு டவரும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். யாரும் கேட்பதில்லை, மத்திய அலையை மூடிவிடலாம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் பழவேற்காட்டு மீனவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.