சீட்டில் "பாசிட்டிவ்"! இது புற்றுநோயா?

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தாள். கையில் இருந்த சீட்டை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். கணவனிடம் சொல்லவில்லை. மாமியாரிடமும் சொல்லவில்லை. இரவு முழுவதும் தூங்கவில்லை.

சீட்டில் இருந்தது ஒரே ஒரு வார்த்தை: "பாசிட்டிவ்".

இப்படி ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் மனதில் இரண்டு பயம். "எனக்குப் புற்றுநோய் வந்துவிட்டதா?" என்பது ஒன்று. "அவர் என்னைச் சந்தேகப்படுவாரோ?" என்பது மற்றொன்று.

கிருமி வேறு, நோய் வேறு

கருப்பையின் அடிப்பகுதிக்குக் கருப்பை வாய் என்று பெயர். அங்கே வரும் புற்றுநோய்க்குக் காரணம், எச்.பி.வி. என்ற கிருமி. இதில் நூற்றுக்கு மேற்பட்ட ரகங்கள் உண்டு. 16, 18 என்று எண் போட்ட இரண்டு ரகங்கள்தான் மகா பொல்லாதவை. இந்த நோய் வந்தவர்களில் 100க்கு சுமார் 70 பேருக்கு இவையே காரணம். ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹவுசன் 16-ம் ரகத்தை 1983-ல் கண்டுபிடித்தார். அவருக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எச்.பி.வி. சோதனை தேடுவது கிருமியைத்தான். புற்றுநோயை அல்ல. "பாசிட்டிவ்" என்றால், கிருமி இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான்!

பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பே கிருமியை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். அப்படித் தங்கினாலும், அது புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் பிடித்துவிடத்தான் சோதனை.

கணவன்மார்களுக்கு

இந்தப் பகுதியைக் கணவன்மார்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

தாம்பத்திய உறவின் மூலம் இந்தக் கிருமி தொற்றுகிறது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பல ஆண்டுகள் சத்தம் இல்லாமல் உடம்பில் கிடக்கும். எப்போது வந்தது, யாரிடம் இருந்து யாருக்கு வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆகவே, சீட்டைப் பார்த்து மனைவியின் மேல் பழி போடுவது அறியாமை.

பிறகு என்ன செய்வார்கள்?

16 அல்லது 18 என்று வந்தால், கால்போஸ்கோப் என்ற கருவியால் கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். வினிகரில் உள்ள அமிலத்தைத் தடவுவார்கள். கெட்டுப்போன இடம் வெளுத்துக் காட்டும். தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். நோய்க்கு முந்திய நிலை என்றால், அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ, சூடு வைத்தோ அழித்துவிடலாம். பெரும்பாலும் கருப்பையை எடுக்க வேண்டியது இல்லை.

மற்ற ரகம் என்றால், அணுக்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். அல்லது ஓர் ஆண்டு கழித்து மீண்டும் வரச் சொல்வார்கள்.

"மாதிரி போதவில்லை" என்று எழுதி இருந்தால், எடுத்தது போதவில்லை என்றுதான் பொருள். மறுபடி எடுப்பார்கள்.

"நெகட்டிவ்" என்றால் நிம்மதி. 5 ஆண்டு கழித்துச் சோதித்தால் போதும். ஆனால் ஒன்று. உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் போனாலோ, சீட்டில் என்ன எழுதி இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

34-ம் 64-ம்

மராட்டிய மாநிலத்தில் உஸ்மானாபாத் என்று ஒரு மாவட்டம். இன்று அதற்குத் தாராசிவ் என்று பெயர். அங்குள்ள கிராமங்களில் 30 முதல் 59 வயது வரை உள்ள சுமார் 34 ஆயிரம் பெண்களுக்கு இந்தச் சோதனை செய்ய ஏற்பாடாயிற்று. ஒரே ஒரு தடவைதான்! வேறு கிராமங்களைச் சேர்ந்த சுமார் 31 ஆயிரம் பேருக்குச் சோதனை இல்லை. வழக்கமான வைத்திய வசதி மட்டும்.

8 ஆண்டுகள் கவனித்தார்கள். 2009-ல் முடிவு வெளியாயிற்று. சோதனை செய்த கிராமங்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 34 பேர். மற்றக் கிராமங்களில் 64 பேர்.

வலிக்குமா?

கத்தி இல்லை. மயக்க மருந்து இல்லை. சிறு பிரஷால் தடவி எடுப்பார்கள். சில நிமிட வேலை. கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கூச்சப்படுவோர் தாங்களே எடுத்துக் கொடுக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது. மாதவிலக்கு நாட்களில் மட்டும் போக வேண்டாம்.

அரிசிப் பானைக்கு அடியில் இருக்கும் சீட்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பல சீட்டுகளில் ரகத்தின் எண்ணும் எழுதி இருக்கும். அடுத்த தடவை போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.