நாளைய வீரரைத் தேடி

ஸ்லோவேனியா, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஓரத்தில் அமைந்துள்ள சிறிய ஐரோப்பிய நாடு. அங்கே சிறுவர்களுக்கான மிதிவண்டிப் பந்தயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆண்ட்ரேய் ஹாப்ட்மன் என்னும் பயிற்றுநர் சற்றுத் தாமதமாக அவ்விடத்துக்கு வந்தார். வயதில் மூத்த சிறுவர்கள் கூட்டமாக முன்னே சென்றனர். அவர்களுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் பின்னால், பதினோரு வயது மதிக்கத்தக்க மெலிந்த சிறுவன் ஒருவன் தனியே வந்துகொண்டிருந்தான். பாவம், பின்தங்கிவிட்டானே, அவனுக்கு யாரேனும் உதவக்கூடாதா என்று ஹாப்ட்மன் கேட்டார். அருகிலிருந்தவர்கள் உண்மையை விளக்கினர். அச்சிறுவன் பின்தங்கியவன் அல்லன். மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒரு சுற்று முந்திச் சென்று, அவர்களைப் பின்னாலிருந்து மீண்டும் எட்டிப்பிடிக்க வந்துகொண்டிருந்தான்.

அந்தச் சிறுவனின் பெயர் தடேய் பொகாச்சர். உலகின் மிகப் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயமான டூர் டி பிரான்ஸை 2020, 2021, 2024, 2025 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றவர் அவரே. ஹாப்ட்மனும் எளியவர் அல்லர். 2001ஆம் ஆண்டின் உலகச் சாலைப் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றவர். அத்தகையவருடைய கண்களே முதற்பார்வையில் ஏமாந்தன. ஓர் இளைஞர் பிற்காலத்தில் எத்தகைய வீரராவார் என்பதை இன்றே அறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று.

தனி வீரரா, குழுவா?

சாலை மிதிவண்டிப் பந்தயத்தில் பரிசு பெறுபவர் ஒருவர். பந்தயத்தில் ஈடுபடுவதோ குழு. டூர் டி பிரான்ஸ் பந்தயம் மூன்று வாரங்களில் 21 கட்டங்களாக நடைபெறும். கடக்க வேண்டிய தொலைவு 3,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு குழுவிலிருந்தும் எட்டுப் பேர் கலந்துகொள்வர். அவர்களுள் ஒருவரையோ இருவரையோதான் குழு வெற்றிக்காகத் தயார் செய்யும். எஞ்சியவர்களின் பணி அவர்களுக்குத் துணை நிற்பதாகும்.

இதற்குக் காரணம் காற்று. சமவெளியில் விரைந்து செல்லும் வீரரின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைக் கிழித்துச் செல்வதற்கே செலவாகிறது. முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால் நெருங்கிச் செல்பவருக்கு அந்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சமாகும். எனவே தலைமை வீரரைக் காற்றிலிருந்து மறைத்துக்கொண்டு செல்வதற்குச் சிலர் வேண்டும். பின்னால் வரும் குழுவின் மகிழுந்துக்குச் சென்று, தண்ணீர்க் குப்பிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்புவதற்குச் சிலர் வேண்டும். தலைவரின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றித் தருவதும் இவர்கள் கடமையே. பிரெஞ்சு மொழியில் இவர்களை டொமெஸ்டிக் என்பர். ஏவலர் என்பது அச்சொல்லின் பொருள். பெயர் சற்றுக் கடுமையாக ஒலித்தாலும் பந்தய உலகில் இவர்களுக்கு மதிப்பு மிகுதி.

ஆகவே முதல்நிலைக் குழு ஒன்று ஏறத்தாழ 30 வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, 30 வெற்றியாளர்களைத் தேடுவதில்லை. மலையேறுவதில் வல்லவர், இறுதி 200 மீட்டரில் மின்னலெனப் பாய்பவர், சமவெளியில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் இழுத்துச் செல்பவர், நெருக்கடியில் நிதானமாக முடிவெடுக்கும் மூத்தவர் எனப் பல திறத்தாரையும் சேர்த்துக்கொள்கிறது. எந்த இளைஞர் எந்தப் பணிக்குப் பொருத்தமானவர் என்று கண்டறிவதே தேர்வாளரின் வேலை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

முற்காலத்தில் பந்தய முடிவுகளையும் தம் கண்களையும் மட்டுமே நம்பித் தேர்வாளர்கள் வீரர்களைச் சேர்த்தனர். இன்று மிதிவண்டியின் மிதிகட்டையிலோ அதன் அச்சிலோ பொருத்தப்படும் சிறு கருவி, வீரர் எத்தனை வாட் ஆற்றலை வெளிப்படுத்துகிறார் என்பதை நொடிதோறும் பதிவு செய்கிறது. வாட் அளவை உடல் எடையால் வகுத்துப் பார்ப்பது வழக்கம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 நிமிடங்களுக்கு 360 வாட் ஆற்றலைத் தருகிறார் எனக் கொள்வோம். 360ஐ 60ஆல் வகுத்தால் கிலோவுக்கு 6 வாட். 75 கிலோ எடையுள்ள மற்றொருவர் 420 வாட் தருகிறார் எனில், அவருக்குக் கிலோவுக்கு 5.6 வாட். மொத்த ஆற்றலில் இரண்டாமவரே பெரியவர். ஆயினும் செங்குத்தான மலைப்பாதையில் முதலாமவர் முந்துவார். ஏனெனில் அங்கே ஒவ்வொருவரும் தம் எடையையே சுமந்து ஏற வேண்டியுள்ளது. சமவெளியில் நிலைமை தலைகீழாகும். இதயமும் நுரையீரலும் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைத் தசைகளுக்கு வழங்க முடியும் என்பதையும் ஆய்வகத்தில் அளக்கின்றனர்.

எண்களால் திறந்த கதவுகள் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெய் வைன், வீட்டிற்குள் நிறுத்தி வைத்த மிதிவண்டியை ஓட்டி, கணினி வழியாக நடந்த ஸ்விஃப்ட் அகாடமி என்னும் தேர்வில் 2020ஆம் ஆண்டு வென்றார். அதன் பரிசாக 2021இல் ஐரோப்பியத் தொழில்முறைக் குழு ஒன்றில் இடம் பெற்றார். மறு ஆண்டே ஸ்பெயின் நாட்டு வுவெல்ட்டா பந்தயத்தில் இரண்டு மலைக் கட்டங்களை வென்று வியப்பூட்டினார். அதே பந்தயத்தில், மலையேற்றத்தில் முதல்வர் அணியும் சட்டையுடன் சென்றுகொண்டிருந்தபோது விழுந்து, போட்டியிலிருந்து விலகவும் நேர்ந்தது.

வீட்டுக்குள் ஓட்டும்போது விழுவதற்கு இடமில்லை. சாலையிலோ நூற்றுக்கும் மேற்பட்டோர் தோளோடு தோள் உரசிச் செல்வர். மழையில் நனைந்த வளைவில் எப்போது வேகத்தைக் குறைப்பது, மலையிறக்கத்தில் எந்த வரியைப் பிடிப்பது, பசிக்கும் முன்னரே உண்பது, பதினைந்து நாள் களைப்புக்குப் பின்னும் உறங்குவது ஆகியவற்றை எந்தக் கருவியும் அளந்து சொல்லாது.

வயதும் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. இளையோர் பந்தயங்களில் பிறந்த ஆண்டைக் கொண்டே பிரிவு வகுக்கப்படுகிறது. சனவரியில் பிறந்தவரும் திசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் போட்டியிடுவர். பதினாறு வயதில் இந்தப் பதினொரு மாத வேறுபாடு சிறிதன்று. விரைவில் வளர்ந்த உடல் இன்று வென்றுவிடும். மெதுவாக வளரும் உடல் நான்கு ஆண்டுகள் கழித்து வெல்லக்கூடும். தேர்வாளர் இன்றைய வெற்றியை மட்டும் பார்த்தால் இரண்டாமவரை இழந்துவிடுவார்.

ஏணியின் படிகள்

17, 18 வயதினர் இளையோர் பிரிவிலும், 19 முதல் 22 வயது வரையுள்ளோர் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் போட்டியிடுகின்றனர். இரண்டாம் பிரிவினருக்கு மிகப்பெரிய தேர்வுக்களம் டூர் டி லாவெனீர். எதிர்காலத்தின் சுற்றுப்பயணம் என்று அதனைத் தமிழில் கூறலாம். 1961ஆம் ஆண்டு பிரான்சில் தொடங்கப்பட்ட இப்பந்தயத்தை 1982இல் கிரெக் லெமாண்டும், 1986இல் மிகுவேல் இந்துரைனும், 2017இல் எகன் பெர்னாலும், 2018இல் பொகாச்சரும் வென்றனர். நால்வரும் பின்னர் டூர் டி பிரான்ஸை வென்றவர்கள். பெண்களுக்கான டூர் டி லாவெனீர் 2023இல்தான் தொடங்கியது. ஆண்களுக்குக் கிடைத்த படி, பெண்களுக்குக் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இப்போது பெரிய குழுக்கள் பலவும் தமக்கென இளையோர் வளர்ச்சிக் குழுக்களை நடத்துகின்றன. மூத்த வீரர்களுக்குரிய பயிற்றுநர், மருத்துவர், சமையலர், மிதிவண்டிகள் ஆகிய வசதிகளை அங்குள்ள இளைஞர்களும் பெறுகின்றனர். தகுதி பெற்றவர் மேலே செல்கிறார். முதன்முறையாகத் தொழில்முறை வீரராகும் இளைஞருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தம் தர வேண்டும் என்பது பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதி. ஓராண்டில் யாரையும் எடைபோட்டுத் தள்ளிவிட முடியாது என்பதால், இது நல்ல விதி என்றே கூற வேண்டும்.

எகன் பெர்னாலின் வளர்ச்சி இந்த ஏணியை நன்கு காட்டும். கொலம்பியாவில், கடல்மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கும் மேல் அமைந்த சிபாகிரா என்னும் ஊரில் அவர் வளர்ந்தார். முதலில் அவர் ஓட்டியது மலைப்பாதை மிதிவண்டி. அதில் 2014, 2015 ஆகிய ஆண்டுகளின் இளையோர் உலகப் போட்டிகளில் பதக்கங்கள் பெற்றார். 2016இல் இத்தாலியின் சிறிய குழு ஒன்று அவரைச் சாலைப் பந்தயத்துக்கு அழைத்தது. இரண்டு ஆண்டுகள் அங்கே கற்ற பின்னர், 2018இல் பிரிட்டனின் ஸ்கை குழுவில் சேர்ந்தார்.

அவ்வாண்டு டூர் டி பிரான்ஸில் கலந்துகொண்டோருள் அவரே இளையவர். வயது 21. மலைகளில் முன்னே சென்று வேகத்தைக் கட்டிக்காத்து, தம் குழுத் தலைவர்களுக்குத் துணை நிற்பதே அவருக்கு அளிக்கப்பட்ட பணி. அதனைச் செவ்வனே செய்தார்; அக்குழுவின் கெரைன்ட் தாமஸ் பட்டம் வென்றார். 2019இல் இத்தாலியின் ஜீரோ பந்தயத்தில் பெர்னாலுக்குத் தலைமைப் பொறுப்பு தரப்படவிருந்தது. பந்தயம் தொடங்கும் முன்னரே பயிற்சியில் விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டார். சூன் மாதத்தில், அதே குழுவின் முன்னணி வீரர் கிறிஸ் ஃப்ரூம் பெரும் விபத்துக்குள்ளானார். திட்டங்கள் கலைந்தன. உடல் தேறிய பெர்னால், தாமஸுடன் இணைத் தலைவராக டூர் டி பிரான்ஸுக்குச் சென்றார். 22 வயதில் அதை வென்று, அப்பட்டம் பெற்ற முதல் தென் அமெரிக்கர் ஆனார். முந்தைய ஆண்டு தண்ணீர்க் குப்பி சுமந்த சாலைகளிலிருந்தே அவர் பந்தயத்தைக் கற்றிருந்தார்.

விரைவும் பொறுமையும்

பெர்னால், பொகாச்சர் ஆகியோரின் வெற்றிகளுக்குப் பின் குழுக்களின் பார்வை மேலும் இளையவர்கள் மீது திரும்பியது. பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் கால்பந்து ஆடி வந்தவர். 2017இல்தான் மிதிவண்டிப் பந்தயத்துக்கு வந்தார். 2018இல் இளையோர் உலகப் பட்டங்கள் இரண்டையும் வென்று, இடைப்படியை விட்டுவிட்டு, மறு ஆண்டே முதல்நிலைக் குழுவில் சேர்ந்தார். 2020இல் இத்தாலியின் லொம்பார்தியா பந்தயத்தில், பாலத்தின் சுவரில் மோதிப் பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மீண்டு வந்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சாலைப் போட்டிகள் இரண்டிலும் தங்கம் வென்றார்.

அவரைப் போன்றோர் அரியர். ஆயினும் அவருக்குப் பின்னர், பதினேழு வயதிலேயே ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் வாய்ப்பு முடிந்துவிட்டது என்று இளைஞர்களும் பெற்றோரும் அஞ்சும் நிலை உருவாகியுள்ளது. கிலோவுக்கு எத்தனை வாட் என்னும் கணக்கில், எடையைக் குறைத்தாலும் எண் உயரும். அதனால் வளரும் வயதில் உணவைக் குறைத்து, எலும்பு வலுவிழந்து, உடல் நலம் கெடுவோரும் உள்ளனர். நல்ல குழுக்கள் உணவியல் வல்லுநரை அமர்த்துவது எடையைக் குறைக்க மட்டுமன்று. போதிய அளவு உண்ணச் செய்வதற்கும்தான்.

தாமதமாக வந்து வென்றவர்களின் வரலாறு இவ்வச்சத்துக்கு மறுப்பாக உள்ளது. ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச், பனிச்சறுக்குத் தாவலில் 2007ஆம் ஆண்டு இளையோர் உலக அணிப் பட்டம் பெற்றவர். இருபத்திரண்டு வயதளவில்தான் மிதிவண்டிப் பந்தயத்துக்கு மாறினார். பின்னர் வுவெல்ட்டாவை நான்கு முறையும் ஜீரோவை ஒரு முறையும் வென்றார். டென்மார்க்கின் யோனஸ் விங்ககோர், சிறிய குழுவில் இருந்த நாள்களில் காலையில் மீன் ஆலையில் வேலை செய்துவிட்டுப் பயிற்சிக்குச் சென்றவர். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் பட்டம் அவருடையது. 2020ஆம் ஆண்டுப் பந்தயத்தின் முடிவுக்கு முந்தைய நாள் ரோக்லிச் 57 நொடிகள் முன்னிலையில் இருந்தார். அன்று நடந்த தனிநபர் நேர ஓட்டத்தில் பொகாச்சர் அவரை முந்தினார். பதினோரு வயதில் கண்டறியப்பட்டவரும் இருபத்திரண்டு வயதில் தொடங்கியவரும் ஒரே மலையில், ஒரே பட்டத்துக்காகப் போராடிய நாள் அது.

திறமை இருந்தும் தேர்வாளரின் கண்ணில் படாத நாடுகளும் உண்டு. அவர்களுக்காகப் பன்னாட்டுக் கூட்டமைப்பு சுவிட்சர்லாந்தின் எய்கில் என்னும் ஊரில் பயிற்சி மையம் ஒன்றை நடத்துகிறது. எரித்திரியாவின் பினியம் கிர்மாய் அங்கே பயின்றவர். 2024இல் டூர் டி பிரான்ஸின் மூன்று கட்டங்களை வென்று, பச்சைச் சட்டையையும் பெற்றார். ஆனால் விசா கிடைக்காமல் பந்தயங்களைத் தவறவிடுவது ஆப்பிரிக்க வீரர்களுக்கு இன்றும் அடிக்கடி நேர்கிறது.

வளர்ச்சிக் குழுக்களில் சேரும் இளைஞர்களுள் பலர் முதல்நிலைக் குழுவை எட்டுவதில்லை. அவர்கள் பிறகு என்ன செய்வர்? இக்கேள்வியை முன்னரே எண்ணியவை சில பயிற்சி மையங்கள். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள சாம்பேரி நகர மையம் அவற்றுள் ஒன்று. அங்கே பந்தயப் பயிற்சியுடன் படிப்பும் தொடர வேண்டும். ரொமான் பார்தே அம்மையத்தில் உருவானவர். தொழில்முறை வீரரான பின்னரும் மேலாண்மைக் கல்வியைத் தொடர்ந்தார். 2016ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸில் அவர் பெற்றது இரண்டாமிடம். மறு ஆண்டு மூன்றாமிடம்.